மீன் புகையூட்டலுக்கான விறகு: விழுப்புரம், திண்டிவனம் வட்டாரம்

மீன் புகையூட்டல் என்பது உப்பில் ஊறிய மீனைக் கனன்று புகையும் மரத்தின் மேல் வைத்து, ஈரத்தை வற்றச் செய்து மணமும் நிறமும் ஏற்றும் பதப்படுத்தும் முறை. எந்த மரம் புகைகிறது என்பதைப் பொறுத்து மீனின் மணமும் நிறமும் மாறும். உண்பவரின் நலமும் அதில் அடங்கியிருக்கிறது.

வட்டாரப் பின்னணி

இவ்வட்டாரக் கடற்கரை ஊரான மரக்காணத்தில் உப்பளமும் கடும் வெயிலும் உண்டு. அதனால் இக்கரையில் மீன் பெரும்பாலும் கருவாடாகிறது. புகை மீன் வழக்கில் பரவவில்லை. தமிழர் சமையலில் புகை ஏறிய மீனுக்கு நன்கு தெரிந்த சான்று மாசிக் கருவாடு. மாலத்தீவிலும் மினிக்காயிலும் சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, வெயிலில் இறுகக் காயவைத்து இதைச் செய்கிறார்கள். புகைக்குத் தென்னையின் மட்டையும் கைகொடுக்கிறது.

விறகின் மணத்தை இவ்வட்டாரம் பழங்காலத்திலேயே அறிந்திருந்தது. கிடங்கிலைத் தலைநகராகக் கொண்ட ஓய்மா நாட்டு நல்லியக்கோடனைப் பாடுவது சிறுபாணாற்றுப்படை. கிடங்கில் இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதி. அந்நாட்டின் எயிற்பட்டினத்தில் அலை ஒதுக்கிய மணமரக் கட்டைகளை விறகாக்கியதையும், உலர்ந்த குழல் மீனைச் சுட்டு விருந்தினருக்குத் தந்ததையும் அந்நூல் காட்டுகிறது. எயிற்பட்டினம் மரக்காணப் பகுதியே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அங்கே நடந்தது சுடுதல்; புகையூட்டல் அன்று.

புகையின் இயல்பு

மரத்திலுள்ள லிக்னின் வெப்பத்தில் சிதையும்போது குவாயகால், சிரிங்கால் முதலிய ஃபீனால்கள் பிறக்கின்றன. மணத்தைத் தருவதும் மீனின் கொழுப்பு காறிப்போவதைத் தாமதப்படுத்துவதும் இவையே. செல்லுலோஸ் வகைகள் சிதைந்து வரும் கார்போனைல்கள் பொன்னிறம் தருகின்றன. பைன் போன்ற ஊசியிலை மரங்களின் பிசின் கரிப்புகையையும் கசப்பையும் ஏற்றும். எனவே பிசினற்ற வன்மரமே பொதுவாக விரும்பப்படுகிறது.

ஏற்ற விறகுகள்

தேங்காய் மட்டை: தணலில் போட்டால் சுடர்விடாமல் நீண்ட நேரம் புகையும். புதிதாகப் பழகுவோர்க்கு எளிது.

வேலிகாத்தான் (சீமைக் கருவேலம்): அமெரிக்காவில் இறைச்சி வாட்டப் பேர்பெற்ற மெஸ்கீட் மரத்தின் நெருங்கிய உறவு. புகை காரமானது, சிறு துண்டுகள் போதும்.

சவுக்கு: கடலோர மணலில் பரவலாகப் பயிராவது. இலை ஊசிபோல் தோன்றினாலும் இது பைன் இனமன்று, பூக்கும் வன்மரம். வெப்பம் மிகுதி என்பதால் அடித்தணலுக்குப் பொருந்தும்.

புளி: ‘திந்திரிணி’ என்னும் புளியின் வடமொழிப் பெயரே திண்டிவனம் என்னும் ஊர்ப்பெயருக்கு மூலம் என்பர். கனத்த கட்டை, தணல் நின்று எரியும்.

தவிர்க்க வேண்டியவை

அரளி, எருக்கு, கள்ளி ஆகியவை நச்சுத்தன்மை உள்ளவை. பிச்சாவரம் சதுப்பில் வளரும் தில்லையின் பால் கண்ணைக் கெடுக்கும்; அதன் புகையும் தீங்கானது. தைல மரம் மருந்து வாடையை ஏற்றும். முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெய் தோலைப் புண்ணாக்குவது; அதை அடுப்பருகே கொண்டுவரவே கூடாது. பெயிண்ட் அடித்த பலகை, பிளைவுட், மரவாடியில் எல்லாம் கலந்து கிடக்கும் மரத்தூள் ஆகியவற்றில் பசையும் ரசாயனமும் இருக்கும்.

தேர்வும் பயன்பாடும்

விறகின் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருப்பது நல்லது. இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டினால் காய்ந்தது ‘டங்’ என்று ஒலிக்கும். ஈரக்கட்டை ‘தொப்’பென்று அடங்கும். காய்ந்த கட்டையின் வெட்டுமுகத்தில் விரிசல் ஓடியிருக்கும். பூஞ்சை படர்ந்ததை ஒதுக்க வேண்டும். மெல்லிய நீலம் கலந்த புகை நல்லது. மஞ்சளாகத் திரண்டு வந்தால் காற்று போதவில்லை என்று பொருள்.

சுடர் எழுந்தாலோ மீனின் எண்ணெய் தணலில் சொட்டினாலோ பென்சோபைரீன் போன்ற புற்றுநோய்க் காரணிகள் கூடும். புகைமீனில் பென்சோபைரீனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் விதித்துள்ள பொது உச்சவரம்பு கிலோவுக்கு 2 மைக்ரோகிராம். தணலுக்கும் மீனுக்கும் இடையே ஒரு தட்டை வைத்தால் சொட்டும் எண்ணெய் அதில் தங்கிவிடும்.

குளிர்ப்புகை முறைக்கு ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸைத் தாண்டாத காற்று வேண்டும். விழுப்புரத்துக் கோடையில் நிழற்காற்றே அதைக் கடந்துவிடுவதால் வீட்டில் மீனை வேகவைக்கும் சூட்டுப்புகையே பொருத்தம். மீனின் தடித்த பகுதி 63 டிகிரியில் 30 நிமிடம் இருக்க வேண்டும். இப்படிச் செய்த மீன் கருவாடு போலப் பானையில் தங்காது. எந்த விறகில் புகைத்தாலும் அதன் இடம் குளிர்சாதனப் பெட்டிதான்.