கோலமும் கணிப்பொறியும்

பொறி ஒன்று ஓவியம் தீட்டுமா, தீட்டினால் அதனைக் கலை என்று கொள்ளலாமா என்னும் வினா இன்று உலகெங்கும் எழுந்துள்ளது. செயற்கை நுண்ணறிவு என்று பெயர் பெற்ற கணிப்பொறி நிரல்கள், நாம் இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் சில நொடிகளில் ஒரு படத்தை ஆக்கித் தருகின்றன. இதனைக் கண்டு வியப்பவரும் உளர், அஞ்சுபவரும் உளர். இவ்வினாவின் விடையைத் தேடி நான் உங்களை முதலில் நெடுந்தொலைவு அழைத்துச் செல்லப் போவதில்லை. தஞ்சைக்கும் குடந்தைக்கும் இடையே, காவிரிப் பாசனத்தில் நெல் விளையும் சிற்றூர் ஒன்றின் வீட்டு வாசலிலிருந்தே தொடங்குகிறேன். பொறிக் கலையின் வரலாற்றில் அந்த வாசலுக்கும் ஓர் இடம் உண்டு.

மார்கழி மாதத்து விடியற்காலம். கதிர் வாங்கிய சம்பாப் பயிரின் மேல் பனி படிந்திருக்கும். என் பாட்டி வாசலைப் பெருக்கி, சாணம் தெளித்து, ஈரம் காயுமுன் குனிந்து புள்ளி வைக்கத் தொடங்குவார். கையில் பச்சரிசி மாவு. வயலில் விளைந்த நெல்லே வாசலில் கோலமாகும். எறும்பும் குருவியும் அதில் பங்கு கொள்ளும். நடப்பவர் காலடியும் படும். பொழுது சாய்வதற்குள் பாதிக் கோலம் அழிந்துவிடும். மறுநாள் அதே இடத்தில் வேறொரு கோலம் தோன்றும்.

அவர் விரும்பி இட்டது சிக்குக் கோலம். இதற்குக் கட்டுப்பாடுகள் மிகுதி. கோடு புள்ளிகளைத் தொடாமல் அவற்றைச் சுற்றிச் செல்லல் வேண்டும். எந்தப் புள்ளியும் வெளியே தனித்து நிற்றல் கூடாது. தொடங்கிய இடத்திற்கே கோடு வந்து சேர்தல் வேண்டும். பள்ளிச் சிறுவனாகிய நான் ஒருநாள் சிலேட்டில் முயன்றேன். நான்கு வரிசை, வரிசைக்கு நான்கு புள்ளி. ஒரே கோட்டில் முடிக்க எத்தனை முறை முயன்றும் இயலவில்லை. பாட்டி எட்டிப் பார்த்து, “நாலுக்கு நாலு வச்சா நாலு கோடுதான்டா வரும். ஒரே கோடா வேணும்னா நாலுக்கு அஞ்சு வை” என்றார். அவர் சொன்னவாறே ஆயிற்று.

பல ஆண்டுகள் கழித்தே அச்சொல்லின் ஆழம் எனக்கு விளங்கியது. புள்ளிகளின் நடுவே சாய்ந்து ஓடி, எல்லையில் மட்டும் வளைந்து திரும்பும் எளிய பின்னலில், எத்தனை தனிக் கோடுகள் வரும் என்பதற்குக் கணிதத்தில் ஒரு விதி உண்டு. இரு பக்கத்துப் புள்ளி எண்ணிக்கைகளின் மீப்பெரு பொதுக் காரணி எதுவோ, அதுவே கோடுகளின் எண்ணிக்கை. நான்குக்கு ஆறு என்றால் இரண்டு கோடு. நான்குக்கு ஐந்து என்றால் ஒன்று. நீங்களே தாளில் வரைந்து சரிபார்க்கலாம். பாட்டி பள்ளிக்குச் சென்றவர் அல்லர். காரணி என்ற சொல்லையும் கேட்டிரார். எனினும் விதி அவர் விரலில் இருந்தது.

விதியால் இயங்கும் கலையைப் பொறியிடம் ஒப்படைக்கலாம் என்ற எண்ணம் புதியதன்று. கும்பகோணத்துக் கடைத்தெருவில் துளையிட்ட கோலக் குழல்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். உள்ளே மாவை நிரப்பித் தரையில் உருட்டினால், ஒரே வடிவம் மீண்டும் மீண்டும் விழும். குழலுக்கு ஒரு கோலம் மட்டுமே தெரியும். புள்ளியைக் கூட்டிக் குறைத்துப் புதியதொன்று இட அதனால் இயலாது.

இதனினும் மேம்பட்ட பொறியைக் காணக் கும்பகோணத்தை அடுத்த திருபுவனத்திற்குச் செல்லுங்கள். பட்டுத் தறிகளின் மேல், துளையிட்ட அட்டைகள் கோத்துத் தொங்கும் அமைப்பொன்றைக் காணலாம். பிரான்சு நாட்டின் லியோன் நகரத்தைச் சேர்ந்த ஜக்கார்டு என்பவர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய முறை அது. எந்தப் பாவு நூல் எப்போது உயர வேண்டும் என்பதை அட்டையின் துளைகள் தறிக்கு உணர்த்தும். அட்டையை மாற்றினால் கரையில் அன்னம் மாறி மாங்காய் வரும். இத்தகைய அட்டைகளால் இயங்குமாறு, கணக்கிடும் பொறி ஒன்றை ஆங்கில அறிஞர் சார்லசு பாபேஜ் திட்டமிட்டார். அப்பொறியைப் பற்றி 1843இல் விளக்கவுரை எழுதிய ஏடா லவ்லேசு அம்மையார், தறி பூவையும் இலையையும் நெய்வது போல இப்பொறி இயற்கணித வடிவங்களை நெய்யும் என்றார்; விதிகளை வகுத்துத் தந்தால் இசையும் அமைக்கலாம் என்றார். ஆனால், தானாக எதனையும் தோற்றுவிக்கும் உரிமையை அவர் பொறிக்கு வழங்கவில்லை. நாம் கட்டளையிடத் தெரிந்ததையே அது செய்யும் என்று வரையறுத்தார்.

கோலம் கணிப்பொறியின் உலகில் நுழைந்தது தமிழகத்தில்தான். தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக விளங்கியவர் கிஃப்ட் சிரோன்மணி. அவருடைய துணைவியார் ராணி சிரோன்மணி அதே கல்லூரியில் கணிதப் பேராசிரியர். இவ்விருவரும் கமலா கிருத்திவாசனும் சேர்ந்து, கோலத்தின் இலக்கணத்தைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை ஒன்றை 1974இல் வெளியிட்டனர். இலக்கணம் என்ற சொல்லை நான் அணிக்காகச் சொல்லவில்லை. 1950களில் அமெரிக்க மொழியறிஞர் நோம் சாம்சுகி, சில விதிகளைக் கொண்டு எண்ணற்ற வாக்கியங்களைப் பிறப்பிக்கும் முறையை வகுத்தார். ஒரு குறியை நீக்கி அதன் இடத்தில் வேறு குறிகளை வைத்துக்கொண்டே சென்றால் வாக்கியம் வளரும். தாம்பரத்து அறிஞர்கள் வரியாக ஓடும் சொற்களுக்குப் பதிலாக, வரிசையும் நிரலுமாக அமைந்த கட்டங்களை எடுத்துக்கொண்டனர். சொற்களுக்கு உரிய இடத்தில் கோட்டுத் துண்டுகளும் புள்ளிகளும் அமர்ந்தன. சில விதிகளிலிருந்து சிறிய கோலமும் பெரிய கோலமும் ஒரு குடும்பமாகப் பிறந்தன.

1980களில் அக்குழுவினர் கோட்டின் ஓட்டத்தையும் ஆராய்ந்தனர். நேரே செல்வது ஒன்று, வலப்புறம் வளையும் வகை மூன்று, இடப்புறம் வளையும் வகை மூன்று என ஏழு அசைவுகளாக அதனை வகுத்தனர். அக்காலத்திலேயே கனடாவில் கணிப்பொறி வரைகலையை ஆராய்ந்த பிருசிங்கியேவிச் என்பவரும் கோலத்தை எடுத்துக்கொண்டார். செடிகொடிகளின் வளர்ச்சியை விளக்க லிண்டன்மாயர் என்னும் உயிரியல் அறிஞர் 1968இல் ஒரு விதிமுறை கண்டிருந்தார். அதனைக் கொண்டு, கண்ணனின் தண்டை என்று பொருள்படும் பெயருடைய கோலத்தைப் பிருசிங்கியேவிச் கணிப்பொறியால் வரைந்து காட்டினார். ஒவ்வொரு படியிலும் ஒரு துண்டின் இடத்தை நான்கு துண்டுகள் பெற, கோலம் செடி போல் வளர்ந்தது. தமிழ்ப் பெண்களின் வாசற்கலை, செடியின் வளர்ச்சியை ஆராயும் நூல்களிலும் இடம்பெற்றது இவ்வாறுதான்.

இதுவரை சொன்னவை விதியைக் கற்ற பொறிகள். இன்றைய பொறிகள் வேறு வகையின. அவற்றுக்கு எவரும் விதி எழுதித் தருவதில்லை. படங்களை மலைமலையாகக் காட்டுகின்றனர். படங்களில் எது எதனுடன் சேர்ந்து வருகிறது என்பதைப் பொறி எண்களாகக் கற்றுக்கொள்கிறது. 2018 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த ஏலத்தில், பெலாமி என்ற கற்பனை மனிதரின் உருவப்படம் 4,32,500 டாலருக்கு விலைபோயிற்று. பழைய ஓவியர்கள் தீட்டிய ஏறத்தாழ 15,000 உருவப்படங்களைக் கற்ற பொறி ஆக்கிய படம் அது. கையொப்பம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கணிதச் சூத்திரம் இருந்தது. பணம் பெற்றோர் பிரெஞ்சு இளைஞர் குழுவினர். ஆனால் அவர்கள் பயன்படுத்திய நிரலில் பெரும்பகுதி, வேறோர் இளைஞர் எழுதிப் பொதுவில் வைத்திருந்தது என்ற செய்தி வெளிவந்தபோது பெரும் வாதம் எழுந்தது. படம் யாருடையது? நிரல் எழுதியவருடையதா, பொறியை இயக்கியவருடையதா, பெயர் சொல்லப்படாத அந்தப் பழைய ஓவியர்களுடையதா? இவ்வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

நானும் இத்தகைய பொறி ஒன்றிடம் சிக்குக் கோலம் கேட்டுப் பார்த்தேன். செம்மண் நிறத் தரையில் வெண்கோடுகள் ஒளிர, அழகிய படம் வந்தது. தொலைவிலிருந்து பார்த்தால் கோலமே. விரலால் கோட்டைத் தொடர்ந்தேன். ஓரிடத்தில் அது நடுவழியில் நின்றது. மற்றோரிடத்தில் காரணமின்றி இரண்டாகப் பிரிந்தது. மூன்று புள்ளிகள் சுற்றுக்கு வெளியே கிடந்தன. பாட்டி பார்த்திருந்தால் கையால் அழித்திருப்பார். இக்குறை நாளை நீங்கலாம். பொறிகள் விரைவாகத் தேறி வருகின்றன. எனினும் கோலத்தின் தோற்றத்தைக் கற்பது வேறு, அதன் நெறியைக் கற்பது வேறு என்பதை அப்படம் எனக்கு உணர்த்தியது.

இங்கே என் பிழை ஒன்றையும் சொல்லல் வேண்டும். பாட்டி தம் கோலங்களை ஒரு பழைய கணக்கு நோட்டில் வரைந்து வைத்திருந்தார். அவர் மறைந்த பின் வீட்டை ஒழிக்கையில், அந்த நோட்டைப் பழைய தாள் வாங்குபவரிடம் எடைக்குப் போட்டவன் நானே. பொங்கலன்று அவர் இடும் பெரிய கோலமும் அதனுடன் போயிற்று. அதனை எவரும் புகைப்படம் எடுத்ததில்லை. ஆகவே எந்தப் பொறியும் அதனைக் கற்றிராது.

ஆப்பிரிக்காவில் மொசாம்பிக்கு நாட்டில் பணியாற்றிய கணித அறிஞர் பவுலஸ் கெர்டஸ், தமிழ்க் கோலங்களையும் ஆராய்ந்தவர். அங்கோலாவின் சோக்வே மக்கள் மணலில் புள்ளி வைத்துக் கோடு சுற்றி வரையும் படங்கள் நம் கோலத்தின் உடன்பிறப்புகள் போன்றவை. வழிவழி வருகையில் சிதைந்த வடிவங்களை, விதியைத் துணைக்கொண்டு மீட்கலாம் என்று அவர் காட்டினார். அதனைப் படித்தபின் நானும் கட்டமிட்ட தாளுடன் அமர்ந்தேன். பொங்கல் கோலத்திற்கு ஏழுக்கு எட்டுப் புள்ளி. அது நினைவில் இருந்தது. ஒரே கோடு, அதுவும் நினைவில் இருந்தது. வரைந்தேன். 56 புள்ளிகளையும் சுற்றிக் கோடு தொடங்கிய இடத்திற்கே வந்தது. ஆனால் நடுவில் தாமரை போன்று விரியும் ஒரு திருப்பத்தை அவர் வைப்பார். விதி அதனைத் தடுக்கவில்லை. விதி அதனைத் தரவும் இல்லை. அது அவர் தேர்ந்தது. எத்தனை தாள்களை வீணாக்கியும் அது எனக்குக் கிட்டவில்லை.

பொறி கலை படைக்குமா என்று கேட்போருக்கு என் விடை இதுவே. நெறியைக் கற்பித்தால் பொறி பிழையின்றி இடும். படங்களைக் காட்டினால் அவற்றைப் போல ஆக்கும். இரண்டுக்கும் முன்னே, பெயர் எழுதாமல் வரைந்து சென்றவர் ஒருவர் இருக்கிறார். மாணவ நண்பர்களே! உங்கள் பாட்டியோ தாயோ கோலமிடும்போது அருகில் அமருங்கள். புள்ளிக் கணக்கைக் கேளுங்கள். கோடு எங்கே தொடங்கி எங்கே திரும்புகிறது என்று கேளுங்கள். கேட்டதை ஒரு நோட்டில் வரைந்து, கீழே அவர் பெயரையும் ஊரையும் நாளையும் எழுதி வையுங்கள். அந்த நோட்டை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.