கலவைக் கணக்குகள்

தரமோ விலையோ செறிவோ வேறுபட்ட பொருள்களை ஒன்றாகச் சேர்க்கும்போது கிடைக்கும் கலவையின் அளவையும் தன்மையையும் கண்டறியும் எண்கணிதக் கணக்குகள் கலவைக் கணக்குகள் எனப்படும். பாலும் தண்ணீரும், இரண்டு விலை அரிசி, தங்கமும் செம்பும், உப்புக் கரைசல் ஆகியவை இவற்றில் வழக்கமாக வரும் பொருள்கள். விகிதம், சதவீதம், சராசரி என்று பள்ளியில் தனித்தனியாகப் படித்த மூன்று பாடங்கள் இங்கே ஒரே கேள்விக்குள் வந்து சேர்கின்றன. போட்டித் தேர்வு எழுதுவோரில் பலர் இந்தப் பகுதியைக் கண்டு தயங்குவதற்கு அதுவே முதற்காரணம்.

மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் ஒருங்கிணைந்த பட்டதாரி நிலைத் தேர்வின் பாடத்திட்டத்தில் ‘கலவையும் அலிகேஷனும்’ என்பது தனித் தலைப்பு. அதன் முதல் நிலைத் தேர்வில் 100 கேள்விகளுக்கு 60 நிமிடம், அவற்றில் 25 கணிதம், தவறான விடைக்கு அரை மதிப்பெண் குறையும், கால்குலேட்டர் கிடையாது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்விலும் திறனறிவுப் பகுதியின் 25 கேள்விகளில் விகிதமும் விகிதசமமும் இடம்பெறும். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்கூட ஒதுக்க முடியாத இத்தகைய தேர்வுகளுக்காகவே குறுக்கு வழிகள் பெருகின. குறுக்கு வழி எதனால் பலிக்கிறது என்று அறிந்தவருக்கு மட்டுமே அது தேர்வு அறையில் கைகொடுக்கும்.

மாறாத அளவு

விகிதம் அளவைச் சொல்வதில்லை. பாலும் தண்ணீரும் 7:3 என்றால் 7 லிட்டரும் 3 லிட்டரும் என்று பொருளல்ல. 7 பங்கும் 3 பங்கும் என்றுதான் பொருள். ஒரு பங்கு எவ்வளவு என்று தெரிந்தால் கணக்கு முடிந்துவிடும். அதைத் தெரிந்துகொள்ளக் கேள்வியில் எது மாறாமல் நிற்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

40 லிட்டர் கலவையில் பாலும் தண்ணீரும் 7:3. அது 2:1 ஆக வேண்டுமானால் எவ்வளவு தண்ணீர் சேர்க்க வேண்டும்? தண்ணீர் ஊற்றும்போது பால் மாறுவதில்லை. பால் 28 லிட்டர். புதிய விகிதத்தில் அது 2 பங்கு. ஒரு பங்கு 14 லிட்டர். தண்ணீர் 14 லிட்டர் இருக்க வேண்டும், இருப்பது 12, சேர்க்க வேண்டியது 2 லிட்டர். சமன்பாடு எழுத வேண்டிய தேவையே எழவில்லை.

வயதுக் கணக்குகளுக்கும் இதே பார்வை பொருந்தும். அப்பாவுக்கும் மகளுக்கும் இப்போது வயது விகிதம் 7:2, பத்து ஆண்டு கழித்து 9:4 என்று வைத்துக்கொள்வோம். இருவர் வயதும் மாறும், வயது வித்தியாசம் மாறாது. முன்னும் பின்னும் வித்தியாசம் 5 பங்குதான். எனவே இரண்டு விகிதங்களிலும் பங்கின் அளவு ஒன்றே. 2 பங்கு வளர்ந்தது 10 ஆண்டில். ஒரு பங்கு 5 ஆண்டு. வயது 35, 10. வித்தியாசம் இரண்டு விகிதங்களிலும் ஒத்துவராவிட்டால் பெருக்கி ஒத்துவரச் செய்துகொள்ள வேண்டும். ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி ஊற்றும் கணக்கில் மாறாமல் நிற்பது மொத்தம்.

ஆவியாகும் கணக்குகளில் கரைந்திருக்கும் பொருள் மாறாது. தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களில் நாள்தோறும் நடப்பது இதுதான். கடல்நீரில் உப்பு ஏறத்தாழ 3.5 சதவீதம். 1000 கிலோ கடல்நீரில் உப்பு 35 கிலோ. செறிவு 25 சதவீதமாக ஏறும்போது அந்த 35 கிலோ மொத்தத்தில் கால்வாசி. மீந்திருக்கும் நீர்மம் 140 கிலோ. வெயில் கொண்டுபோனது 860 கிலோ. இதே வகையில் ஒரு பழைய புதிர் உண்டு: 99 சதவீதம் நீருள்ள 100 கிலோ உருளைக்கிழங்கு காய்ந்து 98 சதவீதம் நீருக்கு வந்தால் எடை எவ்வளவு? 99 கிலோ என்று மனம் சொல்லும். நீர் போக இருக்கும் சதை 1 கிலோ. அது இப்போது 2 சதவீதம். எனவே எடை 50 கிலோ. நீரைக் கவனித்தால் கணக்கு குழப்பும். சதையைக் கவனித்தால் ஒரு வரியில் முடியும்.

அலிகேஷன்

கிலோ 42 ரூபாய் அரிசியையும் 60 ரூபாய் அரிசியையும் எந்த விகிதத்தில் கலந்தால் கலவையின் அடக்கவிலை 50 ரூபாய் ஆகும்? பயிற்சி வகுப்புகளில் இதை அலிகேஷன் என்னும் முறையில், பெருக்கல் குறிபோலக் கோடு இழுத்துச் செய்வார்கள்: இடப்புறம் 42, வலப்புறம் 60, நடுவில் 50, குறுக்காகக் கழித்தால் 10, 8, விடை 5:4. சரிபார்த்தால் 5 கிலோ 210 ரூபாய், 4 கிலோ 240 ரூபாய், 9 கிலோ 450 ரூபாய், கிலோ 50.

ஏன் குறுக்காகக் கழிக்கிறோம் என்பதைப் பல புத்தகங்கள் சொல்லாமலே விட்டுவிடுகின்றன, இது பெருங்குறை. 50 ரூபாய்க்குப் போகும் கலவையில் ஒவ்வொரு கிலோ மலிவு அரிசியும் 8 ரூபாய் லாபம் தருகிறது. ஒவ்வொரு கிலோ உயர்ந்த அரிசியும் 10 ரூபாய் நட்டம் தருகிறது. லாபமும் நட்டமும் நேராக வேண்டுமென்றால் 10 கிலோ மலிவு அரிசிக்கு 8 கிலோ உயர்ந்த அரிசி சேர வேண்டும். துலாக்கோலில் கனமான பக்கம் நடுப்புள்ளிக்கு அருகே இருப்பது போன்ற நியாயம் இது. 50 என்பது 60ஐ விட 42க்கு அருகில் இருப்பதால் 42 ரூபாய் அரிசியே அதிகம் இருக்க வேண்டும் என்று கணக்குப் போடுமுன்பே சொல்லிவிடலாம். தேர்ந்தெடுக்கத் தரப்படும் விடைகளில் பாதி இந்த ஒரு பார்வையிலேயே கழிந்துபோகும்.

கிடைக்கும் விகிதம் எதனுடையது என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். ‘கிலோவுக்கு இத்தனை ரூபாய்’ என்றால் கிலோக்களின் விகிதம். ‘மாணவருக்கு இத்தனை மதிப்பெண்’ என்றால் மாணவர் எண்ணிக்கையின் விகிதம். ‘மணிக்கு இத்தனை கிலோமீட்டர்’ என்றால் மணிகளின் விகிதம். வேகக் கணக்கில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். 40 கி.மீ. வேகத்தில் போய் 60 கி.மீ. வேகத்தில் திரும்பினால் சராசரி 48 கி.மீ. அலிகேஷன் போட்டால் 12:8, அதாவது 3:2 வரும். அது தூரங்களின் விகிதமன்று, நேரங்களின் விகிதம். மூன்று மணி நேரம் 40இல் 120 கி.மீ., இரண்டு மணி நேரம் 60இல் 120 கி.மீ.; தூரம் சமமாகவே இருக்கிறது.

பெயரும் பழமையும்

அலிகேஷன் என்னும் சொல் ‘கட்டுதல்’ என்று பொருள்படும் இலத்தீன் வேரிலிருந்து வந்தது. பழைய ஐரோப்பிய எண்கணித நூல்களில் விலைகளைக் கோடுகளால் பிணைத்துக் கணக்கிட்டார்கள். இத்தாலியின் ஃபிபொனாச்சி 1202இல் எழுதிய ‘லிபர் அபாசி’ நூலில் நாணய உலோகங்களைக் கலப்பதற்கென்றே ஓர் அதிகாரம் உண்டு.

இந்தியாவில் இந்தக் கணக்கு அதற்கும் முந்தையது. ஒன்பதாம் நூற்றாண்டில் மகாவீரர் எழுதிய ‘கணிதசார சங்கிரக’த்திலும், 1150இல் இரண்டாம் பாஸ்கரர் எழுதிய ‘லீலாவதி’யிலும் பொன் கணக்கு தனிப் பிரிவாக இருக்கிறது. லீலாவதியின் ஒரு கணக்கில் 10, 4, 2, 4 மாசை எடையுள்ள நான்கு பொன் துண்டுகளின் தரம் முறையே 13, 12, 11, 10. உருக்கிச் சேர்த்தால் தரம் என்ன என்பது கேள்வி. எடையைத் தரத்தால் பெருக்கிக் கூட்டினால் 240, மொத்த எடை 20, தரம் 12. இதையே இன்று நிறையிட்ட சராசரி என்கிறோம். புடம்போட்டுத் தரம் 16 ஆனால் எடை எவ்வளவு என்றும் பாஸ்கரர் தொடர்ந்து கேட்கிறார். விடை 15 மாசை. 240 மாறாது என்பதே அங்கும் திறவுகோல்.

தமிழில் பொன்னின் தரத்துக்கு மாற்று என்று பெயர். உரைகல்லில் உரசி மாற்றுக் கண்டார்கள். பத்தரை மாற்றுத் தங்கம் என்று இன்றும் சொல்கிறோம். நகைக்கடையில் பார்க்கும் 916 முத்திரையும் ஒரு விகிதமே: 24இல் 22 பங்கு, அதாவது ஆயிரத்தில் ஏறத்தாழ 916. பத்து கிராம் 22 காரட் நகையையும் முப்பது கிராம் 18 காரட் நகையையும் உருக்கினால் 220உம் 540உம் சேர்ந்து 760. நாற்பதால் வகுத்தால் 19 காரட்.

எடுத்து ஊற்றும் கணக்கு

50 லிட்டர் பாலில் 5 லிட்டர் எடுத்துவிட்டு அதே அளவு தண்ணீர் ஊற்றுகிறார்கள். இப்படி மூன்று முறை. மீதிப் பால் எவ்வளவு? மூன்று ஐந்து பதினைந்து என்று கழித்து 35 என்பவர்கள் உண்டு. கேள்வி அமைப்பவரும் விடைகளில் 35ஐத் தவறாமல் வைத்திருப்பார். இரண்டாம் முறை எடுப்பது பால் அல்ல, கலவை. ஒவ்வொரு முறையும் பத்தில் ஒரு பங்கு போகிறது. இருக்கும் பாலில் பத்தில் ஒன்பது பங்கு நிற்கிறது. 50, 45, 40.5, 36.45. கூட்டு வட்டியைத் திருப்பிப் போட்டது போன்ற கணக்கு இது. தேய்மானக் கணக்கைப் படித்தவர் புதிதாக எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

வழக்கமான தவறுகள்

சம அளவுள்ள இரு பாத்திரங்களில் பால்–தண்ணீர் விகிதம் 3:1, 2:3. இரண்டையும் சேர்த்தால் 5:4 என்று எழுதுவது தவறு; ஒரு விகிதத்தின் பங்கு நான்கில் ஒன்று, மற்றதன் பங்கு ஐந்தில் ஒன்று. பாத்திரத்துக்கு 20 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் பால் 15+8, தண்ணீர் 5+12, விடை 23:17. நான்குக்கும் ஐந்துக்கும் பொதுவான எண்ணைத் தேர்ந்தால் பின்னமே வராது.

அலிகேஷனில் மூன்று எண்களும் ஒரே இனமாக இருக்க வேண்டும். மேற்சொன்ன அரிசிக் கலவையை 10 சதவீத லாபத்தில் கிலோ 55 ரூபாய்க்கு விற்றதாகக் கேள்வி வந்தால், நடுவில் 55ஐ வைக்கக் கூடாது. 55 விற்ற விலை. அதன் அடக்கம் 50. பால்காரர் அடக்கவிலைக்கே விற்று 25 சதவீத லாபம் பெறுகிறார் என்ற கேள்வியில் தண்ணீர் 25 சதவீதமன்று. 100 பங்கு பாலுக்கு 25 பங்கு தண்ணீர். கலவை 125 பங்கு. தண்ணீர் 20 சதவீதம். லாபம் பாலின் மேல் கணக்கிடப்படுகிறது, தண்ணீரின் பங்கு கலவையின் மேல்.

தரப்பட்ட விடைகளிலிருந்து பின்னோக்கிச் செல்வதும் முறையான வழியே. விகிதம் 7:3 என்றும் ஒவ்வொன்றும் முழு லிட்டர் என்றும் இருந்தால் மொத்தம் பத்தின் மடங்காகவே இருக்க முடியும்; மற்ற விடைகளைக் கழித்துவிடலாம்.

இந்தக் கணக்குகளை அணுகும் விதம் தேர்வுக்குத் தேர்வு மாறும். கல்லூரிச் சேர்க்கைக்கான அமெரிக்க சாட் தேர்வில் திரையிலேயே கால்குலேட்டர் கிடைப்பதால் அங்கே கேள்வியின் கனம் சமன்பாட்டை அமைப்பதில் இருக்கிறது. மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட் தேர்வின் கணிதப் பகுதியில் கால்குலேட்டர் இல்லை. அத்தேர்வின் மற்றொரு பகுதியில் விடை காணச் சொல்லாமல், தந்த தகவல் விடை காணப் போதுமா என்று மட்டும் கேட்கும் வினாக்களும் உண்டு. இரு கரைசல்களின் செறிவும் கலவையின் செறிவும் தெரிந்தால் அவற்றைக் கலந்த விகிதம் கிடைத்துவிடும்; ஏதாவது ஓர் அளவு லிட்டரில் தரப்படாதவரை எத்தனை லிட்டர் என்பது கிடைக்காது.