ஆரவல்லியின் பூர்வ சரித்திரம்

டில்லி நகரத்துப் பாறைத் திட்டுகளில் தலைகாட்டி, ராஜஸ்தானத்தைக் குறுக்கே கடந்து, குஜராத் வரையில் ஏறக்குறைய 700 கிலோமீட்டர் நீளும் ஆரவல்லி மலைத்தொடர், ஆபுவின் குரு சிகரத்தில் 1722 மீட்டர் உயர்ந்து நிற்பதைத் தவிர, பெரும்பாலும் தேய்ந்த குன்றுகளின் வரிசையாகவே இன்று காட்சியளிக்கிறது. ஆயினும் இமயம் தோன்றத் தொடங்கி ஐந்து கோடி ஆண்டுகளே கழிந்திருக்க, ஆரவல்லியின் அடித்தளப் பாறைகளில் சிலவோ முந்நூறு கோடி ஆண்டுகளுக்கும் மூத்தவை.

இத்தகைய மலையின் வரலாற்றைக் காலக்கிரமப்படுத்துவது எங்ஙனம்? இரு பாறைகள் சந்திக்கும் இடமே சாட்சி. மடிந்து கிடக்கும் அடுக்குகளை ஊடறுத்துச் செல்லும் கருங்கல் நரம்பு அம்மடிப்புக்கு இளையது. ஒரு பாறையின் கூழாங்கற்கள் மற்றொன்றின் அடிப்படுகையில் பதிந்திருந்தால் முன்னது மூத்தது. இவ்விதிகளைத் துணைக்கொண்டு ராஜஸ்தானத்து மேவார்ப் பிரதேசத்தை ஆராய்ந்த பி. ஸி. குப்தா 1934-லும், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஏ. எம். ஹெரன் 1953-லும் தத்தம் முடிவுகளை வெளியிட்டார்கள். அடியில் பட்டை பட்டையான நைஸ் பாறை, அதன்மேல் ஆரவல்லிப் படிவுகள், அவற்றின்மேல் டில்லிப் படிவுகள் என்பது ஹெரன் வகுத்த வரிசை.

ஆனால் மலை அவ்வளவு எளிதில் வசப்படவில்லை. ராஜஸ்தானத்துப் பர் என்னும் ஊரில், டில்லிப் படிவுகளைச் சேர்ந்த உருண்டைக் கற்கள் நெருக்குண்டு நீண்டு கிடப்பதைக் காண்போர்க்கு அங்கு நிகழ்ந்த அழுத்தத்தின் உக்கிரம் விளங்கும். கரக்பூர் தொழில்நுட்பக் கழகத்தின் கே. நாஹாவும் அவர் சகாக்களும், ஒரு முறை மடித்த வேட்டியை வேறு திசையில் மறுபடியும் மடித்தாற்போல, முந்தைய மடிப்பின் அச்சே பிந்தைய மடிப்பில் வளைந்திருப்பதைப் பல இடங்களில் அளந்து காட்டினார்கள். நைஸ் பாறையும் ஆரவல்லிப் படிவும் அதே மடிப்புகளைப் பகிர்ந்துகொள்வதால், நைஸ் என்பதில் ஒரு பகுதி உருகிக் கலந்த ஆரவல்லிப் படிவே என்றும் அவர்கள் வாதித்தார்கள். ஹெரனின் அஸ்திவாரமே ஆட்டங்கண்டது.

இவ்விவாதத்தில் புதிய ஒளி பாய்ச்சியது, பாறைத் தாதுக்களில் கதிரியக்கத்தால் ஒரு தனிமம் மற்றொன்றாகச் சிதையும் விகிதத்தைக் கொண்டு வயதைக் கணிக்கும் முறை. அதன்படி மேவார் நைஸின் ஒரு பகுதிக்கு ஏறக்குறைய 330 கோடி ஆண்டுகளும், அதனை ஊடுருவிய பேராச் கருங்கல்லுக்கு 250 கோடி ஆண்டுகளும் வயது. மேவாரைச் சேர்ந்த சந்த்மாதாப் பகுதிப் பாறைகளோ சுமார் 172 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழத்தில் மீண்டும் வெந்து உருமாறியவை. பின்னர், ஏறக்குறைய நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் டில்லிப் படிவுகளும் மடிந்து எழுந்தன. ஆபுவின் கருங்கல் அதற்கும் பின்னால் வந்தது. உதயப்பூருக்குத் தெற்கே ரிஷபதேவில் பச்சை சலவைக்கல் என்று வெட்டப்படும் பாறையை, மறைந்த சமுத்திரத்தின் தரையாகவும் இரு நிலத்தட்டுகள் மோதி ஒட்டிய தையலாகவும் சிலர் கருதுகிறார்கள். அது இன்னும் ஒரு கொள்கையே.

என் அபிப்பிராயத்தில் ஹெரன், நாஹா இருவர் பக்கத்திலும் உண்மை உண்டு: அடித்தளம் மெய்யாகவே புராதனமானது, ஆனால் பிற்காலத்து மலையாக்கங்கள் அதன் பல பகுதிகளைப் புதிதாக வார்த்துவிட்டன. இத்தீர்ப்பைச் சோதிக்க வேண்டுமாயின் பாறைகள் சந்திக்கும் எல்லைகள் அழியாமல் இருத்தல் வேண்டும். பர் ஊரின் பாறையும் ஜாமர்கோட்ராவின் தொல்லுயிர்ப் பூங்காவும் தேசியப் புவியியல் சின்னங்களாகப் போற்றப்படுகின்றன. கல் வெட்டியெடுக்கும் இடங்களுக்கு நடுவே சிக்கிக் கிடக்கும் ஏனைய சந்திப்புகளுக்கும் அதே பாதுகாப்பை அரசு விரைந்து அளித்தல் வேண்டும்.