ரமணாசிரமத்துப் பையனும் மடிக்கணினியும்

ரமண மகரிஷியைப் பற்றி ஆங்கிலத்தில் படித்தவர்களுக்கு ஆர்தர் ஆஸ்போர்ன் தெரிந்த பெயர். இரண்டாம் உலகப் போரில் அவர் தாய்லாந்தில் ஜப்பானியரிடம் சிறைப்பட்டிருந்த காலத்தில், மனைவியும் பிள்ளைகளும் திருவண்ணாமலையில் வாழ்ந்தார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருவர் ஆடம், 1939-ல் பாங்காக்கில் பிறந்தவர். கையில் தூக்கிக்கொண்டு போகிற கணினியை முதலில் சந்தையில் ஓட வைத்தவர் இவர்தான்.

1981 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சி ஒன்றில் 'ஆஸ்போர்ன் 1' அறிமுகமானது. எடை ஏறக்குறைய 11 கிலோ. பார்வைக்குத் தையல் மெஷின் பெட்டி மாதிரி. மூடியைக் கழற்றினால் அதுவே விசைப்பலகை; உள்ளே இரண்டு ஃபிளாப்பி டிரைவ்களுக்கு நடுவே 5 அங்குலத் திரை. அதில் ஒரு வரிக்கு 52 எழுத்துதான் தெரியும். மிச்சத்தைப் படிக்கத் திரையைப் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். உள்ளே பேட்டரி கிடையாது. விமான இருக்கைக்கு அடியில் நுழைய வேண்டும் என்பதே வடிவமைத்த லீ ஃபெல்சன்ஸ்டைனுக்கு இடப்பட்ட நிபந்தனை. மடியில் வைத்தால் கால் மரத்துப்போகும்.

ஆனாலும் விற்றது. உச்சத்தில் மாதம் 10,000 வரை. காரணம், விலைக்குள் அடங்கியிருந்த சரக்கு. 1,795 டாலருக்குக் கணினியோடு வேர்ட்ஸ்டார், சூப்பர்கால்க், பேசிக் எல்லாம் சேர்ந்தே வந்தன. அந்த மென்பொருள்களைத் தனியாக வாங்கினாலே கிட்டத்தட்ட அதே தொகை ஆகும். ஆடம் கணினிப் புத்தகங்கள் எழுதியவர். சொந்தப் பதிப்பகத்தை 1979-ல் மெக்ரா-ஹில்லுக்கு விற்றவர். வாங்குகிறவருக்கு வேண்டியது வேலை நடப்பதுதான், போதுமானது இருந்தால் போதும் என்று வெளிப்படையாகவே சொல்லி விற்றார். அன்றாட உபயோகத்துக்கு மடிக்கணினி தேடும் எவருக்கும் அதைவிட நல்ல அளவுகோல் இன்றைக்கும் இல்லை.

பிறகு கதை திரும்பியது. அதே 1,795 டாலருக்குப் போட்டி நிறுவனமான கேப்ரோ 9 அங்குலத் திரை கொடுத்தது. காம்பாக் ஐபிஎம் மென்பொருள்களை அப்படியே ஓட்டியது. இந்த நேரம் பார்த்து ஆடம், அடுத்த மாடல் வருகிறது என்று வாயை விட்டார்; கையிருப்பு தேங்கியது; 1983 செப்டம்பரில் கம்பெனி திவால். அடுத்ததை முன்கூட்டியே அறிவித்து இருக்கும் சரக்கின் விற்பனையைக் கெடுத்துக்கொள்வதை வணிக உலகம் அவர் பெயரையே வைத்து 'ஆஸ்போர்ன் விளைவு' என்கிறது. வாய்தான் கெடுத்தது என்பது பாதி உண்மை. போட்டியாளர் தந்த பெரிய திரையும் சேர்ந்துதான் கெடுத்தது. நோயோடு இந்தியா திரும்பிய ஆடம், 2003-ல் கொடைக்கானலில் காலமானார்.

வடிவம், பேட்டரி, எடை என்று இன்று கடையில் நாம் கேட்கும் கேள்விகளுக்கு வேறு பெட்டிகள் பதில் சொல்லின. மூடியே திரையாக மடங்கும் வடிவம் 1982-ல் கிரிட் காம்பஸில் வந்தது. விலை 8,150 டாலர், நாசா விண்ணோடத்தில் கொண்டுபோனது. 1983-ல் வந்த டிஆர்எஸ்-80 மாடல் 100, சாதாரண ஏஏ செல் நான்கில் சுமார் 20 மணி நேரம் ஓடியது. செய்தியாளர்கள் அதை விடவே இல்லை. சம்பவ இடத்திலேயே தட்டச்சு செய்து, தொலைபேசிக் கம்பி வழியாக அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். 1985-ல் தோஷிபா டி1100, ஐபிஎம் பொருத்தத்தையும் பேட்டரியையும் சுமார் 4 கிலோவில் அடக்கியது.

விசைப்பலகை விஷயம் சுவையானது. 1980-களின் மடிக்கணினிகளில் விசைகள் முன்விளிம்பை ஒட்டி இருந்தன. மணிக்கட்டு அந்தரத்தில் தொங்கும். 1991-ல் ஆப்பிள் தன் பவர்புக்கில் விசைகளைத் திரைப்பக்கம் தள்ளி, முன்னால் கை ஊன்ற இடம் விட்டது. அந்த இடத்தின் நடுவில் ஓர் உருளைப் பந்து. பிறகு எல்லாரும் அதையே பின்பற்றினார்கள். பந்து போய்த் தொடுபலகை வந்ததே தவிர, அமைப்பு மாறவில்லை.

2007-ல் அசுஸ் 7 அங்குல 'ஈ பிசி'யை ஒரு கிலோவுக்கும் குறைவான எடையில், மலிவு விலையில் இறக்கியது. ஆடமின் கொள்கைதான், ஆனால் விரல் வைக்க இடமில்லாத விசைப்பலகையைப் போதுமானது என்று பலர் ஒப்பவில்லை. மலிவு விலைகூட இல்லாமல் வந்த மடிக்கணினியும் உண்டு: தமிழ்நாட்டில் பல வீடுகளுக்கு முதல் கணினி வந்தது கடையிலிருந்து அல்ல. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், மாநில அரசு நிறுவனமான எல்காட் ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்கியதையே மாணவர்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

2008-ல் வந்த மேக்புக் ஏர் மெல்லிசுக்கு ஒரு விலை வைத்தது: ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருந்தது, பிறகு கூட்ட வழியில்லை. இன்று விற்கும் மெல்லிய மாடல்கள் பலவும் இதே ரகம். ஆகவே கடைக்காரர் திரையின் பளபளப்பைக் காட்டும்போது, ரேமைப் பின்னால் கூட்ட முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால், வாங்கும்போதே 16 ஜிபி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.