கெலவரப்பள்ளி நுரையின் பூர்வீகம்

தென்பெண்ணையில் தண்ணீர் பெருகி வரும்போது கெலவரப்பள்ளி அணையில் வெள்ளை வெள்ளையாக நுரை பொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஓசூரில் இருக்கும் நமக்கு அது புதிதல்ல. ஆனால் அதன் கதை பெங்களூரில், ஏரிகள் வயலுக்காக இருந்த காலத்தில் தொடங்குகிறது.

பெங்களூருக்குள் பெரிய ஆறு கிடையாது. மழைநீரைத் தேக்க, ஒன்று நிரம்பினால் அடுத்ததற்கு வழியும்படி சங்கிலியாக ஏரிகளைக் கட்டினார்கள். அப்படி ஒரு சங்கிலியின் கடைசியில் இருப்பவை பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகள். பெள்ளந்தூர் மட்டுமே சுமார் 900 ஏக்கர். மேட்டு நிலத்துச் சாணமும் இலைதழையும் மழையில் அடித்து வந்து ஏரியில் வண்டலாகப் படியும். கோடையில் ஏரி வற்றியதும் விவசாயிகள் அதை வண்டி வண்டியாக அள்ளிப் போய் வயலில் கொட்டுவார்கள். நிலத்தின் சத்து ஏரிக்குப் போய் நிலத்துக்கே திரும்பியது.

1974-ல் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து காவிரி நீர் குழாயில் நகருக்கு வந்தது. வயல்கள் மனைகளாயின. வீடுகளில் புழங்கிய அந்த நீர் சாக்கடையாகிப் பெள்ளந்தூர் பக்கம் ஓடியது. (எந்த நடுவர் மன்றமும் சொல்லாமலேயே காவிரி நீர் தென்பெண்ணைக்கு வருவது இப்படித்தான்!) மழைக்கு மட்டும் ஓடிய கால்வாய்களில் ஆண்டு முழுவதும் கழிவுநீர். அதிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸும் வயலில் இருந்தால் உரம். ஆனால் வயலும் இல்லை, வண்டல் அள்ள ஆளும் இல்லை. ஆகாயத்தாமரை அந்தச் சத்தை உண்டு ஏரியை மூடியது; அது செத்து அழுகியதில் தண்ணீரின் ஆக்சிஜன் தீர்ந்தது. 2015-ல் சோப்பு நுரை சாலைக்கே வந்தது. 2018 ஜனவரியில் ஏரியில் பற்றிய தீயை அணைக்க ராணுவ வீரர்களும் வர வேண்டியிருந்தது.

வர்த்தூரைத் தாண்டி அந்த நீர் தென்பெண்ணையில் கலந்து நம் அணைக்கு வருகிறது. நுரை கண்ணுக்குத் தெரிகிறது, கரைந்திருக்கும் சத்து தெரிவதில்லை.

பெங்களூரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அடுக்குமாடிகளில் உள்ள சாதாரண எஸ்.டி.பி. நாற்றத்தையும் அழுக்கையும்தான் நன்றாகக் குறைக்கும். நைட்ரஜனிலும் பாஸ்பரஸிலும் கணிசமான பங்கு தெளிந்த நீரோடு வெளியேறிவிடும். தோட்டத்துக்கு விட்டால் செடிக்கு உரம், கால்வாயில் விட்டால் ஆற்றுக்குச் சுமை. நம் வளாகத்தில் எது எவ்வளவு என்று அடுத்த பொதுக்குழுவில் கேளுங்கள். தோட்டத்துக்கு வாங்கும் யூரியா கணக்கையும் கூடவே கேட்டால் நல்லது.