மாசி மாதக் கொல்லை – ஒரு சின்ன வரலாறு

எட்டாம் வகுப்பில் 'வசந்த காலம்' பற்றி ஒரு பக்கம் கட்டுரை எழுதச் சொன்னார்கள். நானும் பனி உருகுகிறது, மரங்கள் துளிர்க்கின்றன என்றெல்லாம் நிரப்பி பத்துக்கு ஏழு மதிப்பெண் வாங்கினேன். குமராட்சியில் பனி உருகி யாரும் பார்த்ததில்லை :-)

தமிழில் ஆறு பெரும்பொழுதுகள் உண்டு என்று படித்திருப்பீர்கள். அதில் மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். இளவேனில் சித்திரையில்தான் தொடங்குகிறது. ஆனால் வீட்டுத் தோட்டத்தில் 'வசந்தத் தொடக்க வேலைகள்' என்று மற்ற நாட்டுக்காரர்கள் எதைச் சொல்கிறார்களோ, அதெல்லாம் எங்கள் ஊரில் மாசியில்தான் நடக்கும். அந்த வேலைகள் எவ்வளவு பழையவை என்று தேடப் போய், கொஞ்சம் ஆச்சரியமான விஷயங்கள் கிடைத்தன.

முதலில் ஏன் மாசி? எங்கள் பகுதி வயலுக்குத் தண்ணீர் கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வாய்க்காலில் வருகிறது. கீழணை 1836ல் ஆர்தர் காட்டன் காலத்தில் கட்டப்பட்டது. மேட்டூர் அணை 1934ல் வந்தபிறகு ஜூன் 12ல் திறப்பது, ஜனவரி 28ல் மூடுவது என்று ஒரு வழக்கம் ஏற்பட்டது (திறப்பு பல வருடம் தள்ளிப் போயிருக்கிறது, அது வேறு கதை). தை கடைசியில் வாய்க்கால் வற்றும். சம்பா அறுவடை முடியும். நெல்லுக்கு நடுவில் விதைத்த உளுந்து ஈரத்தைக் குடித்துத் தானாக வளரும். அதுவரை வயலில் நின்ற பெண்களுக்கு அப்போதுதான் கொல்லைப்பக்கம் திரும்ப நேரம் கிடைக்கும்.

எங்கள் ஆயா மாசியில் செய்வதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவன் நான். ஆடியில் போட்ட அவரைக்கொடி காய்ந்திருக்கும், அதைப் பிடுங்கி முற்றிய காயை விதைக்கு எடுப்பார். பந்தல் கழிகளை அவிழ்த்து உளுத்ததை அடுப்புக்குத் தள்ளுவார். வாழையில் பக்கக் கன்றுகளைக் கடப்பாரையால் பெயர்த்து, தாய்க்கு ஒரே ஒரு கன்றை விடுவார். தென்னைக்கு வட்டப்பாத்தி கட்டி, வெயிலில் ஈரம் போகாமல் இருக்க மட்டையும் உரிமட்டையும் பரப்புவார். மல்லிகைக்கு எரு வைத்துத் தண்ணீர் விட்டால் பங்குனியில் பூக்கும். மிளகாய் நாற்றின் மேல் காலையில் அடுப்புச் சாம்பல் தூவுவார், பூச்சி வராதாம். பிறகு பீர்க்கு, பாகல், வெள்ளரி, பறங்கி எல்லாவற்றுக்கும் குழி.

பறங்கி விதையை ஆயா வைத்திருக்கும் விதமே தனி. பொங்கலுக்கு அறுத்த பறங்கியில் விதையைக் கழுவி, பச்சைச் சாணியில் பதித்து, சுவரில் வறட்டி மாதிரி அறைந்துவிடுவார். காய்ந்தபின் வண்டும் தொடாது, எலியும் தொடாது. குழியில் வறட்டியோடு உடைத்துப் போட வேண்டியதுதான். விதையும் எருவும் சேர்ந்தே போய்விடும். இதைப் பார்த்து, சோழர் காலத்திலிருந்து வருகிற வழக்கம் என்றே நினைத்திருந்தேன்.

சாணி பழசாக இருக்கலாம், பறங்கி அப்படி இல்லை. பறங்கிக்காய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. கொலம்பஸ் 1492ல் அங்கே போய்ச் சேர்வதற்கு முன்னால் இந்தியாவில் யாரும் அதைப் பார்த்திருக்க முடியாது. 'பறங்கி' என்பது போர்த்துகீசியரையும் பிறகு வந்த ஐரோப்பியரையும் நம்மவர்கள் அழைத்த பெயர். எங்களுக்குப் பக்கத்தில், வெள்ளாற்று முகத்தில் இருக்கும் பரங்கிப்பேட்டைக்கும் அதே பெயர்தான். (ஊருக்கு ர, காய்க்கு ற என்று எழுதுகிறோம். இரண்டும் ஒரே ஆள்.) 'போர்ட்டோ நோவோ', அதாவது புதிய துறைமுகம் என்று போர்த்துகீசியர் அதற்குப் பெயர் வைத்தார்கள், பின்னால் டச்சுக்காரர்களும் ஆங்கிலேயரும் வந்தார்கள். மார்கழிக் கோலத்தில் சாணி உருண்டைமேல் வைக்கிற பறங்கிப்பூவும் அப்படிக் கடல் கடந்து வந்ததுதான்.

சரி, மற்றவை? மிளகாயும் அங்கிருந்து வந்ததே. முன்பு நமக்குக் காரம் என்றால் மிளகு. அதனால்தான் புதிதாக வந்ததற்கு மிளகு + காய் என்று பெயர். தக்காளியும் அப்படியே. மணத்தக்காளி, சொடக்குத் தக்காளி என்று நம்மிடம் இருந்த சின்னப் பழங்களின் பெயரை வந்தவனுக்குக் கொடுத்துவிட்டோம். பப்பாளி, கொய்யா, பண்ருட்டிப் பக்கம் முந்திரி, எல்லாம் அமெரிக்கக் கண்டம். நிலக்கடலையை எங்கள் மாவட்டத்தில் மல்லாட்டை என்பார்கள், அது மணிலாக்கொட்டை. பிலிப்பைன்ஸ் தலைநகரம் எங்கள் ஊர்ப் பேச்சில் ஒளிந்திருக்கிறது!

அப்படியானால் எது நம்முடையது? இதற்குப் பதில் பட்டினப்பாலையில் இருக்கிறது. பத்துப்பாட்டில் ஒன்றான இதைப் பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். உ.வே.சாமிநாதையர் 1889ல் பத்துப்பாட்டை அச்சிட்டார். கொள்ளிடத்துக்குத் தெற்கே கடலோரத்தில் இருந்த காவிரிப்பூம்பட்டினத்தைப் பற்றிய பாட்டு அது. அதன் தொடக்கத்தில் சோழநாட்டுத் தோட்டங்களில் இருப்பவற்றை வரிசையாகச் சொல்கிறார்: தென்னை, வாழை, கமுகு, மஞ்சள், மா, பனை, சேம்பு, இஞ்சி. படித்துவிட்டு எழுந்து எங்கள் கொல்லையில் போய் எண்ணினேன். கமுகும் பனையும் தவிர மற்ற ஆறும் நிற்கின்றன! அவற்றோடு கத்தரியும் முருங்கையும் வெள்ளரியும் இந்த மண்ணுக்கு மிகப் பழையவை.

சமையலும் இதை மறக்கவில்லை. பல வீடுகளில் திவசத்துக்கு இன்றும் மிளகாய் கிடையாது, மிளகுதான். சிதம்பரம் கோயிலோடு சேர்த்துச் சொல்லப்படும் சம்பா சாதத்தில் மிளகு, கூட வரும் கத்தரிக்காய் கொத்சில் காய்ந்த மிளகாய். ஒரே இலையில் இரண்டு காலம்.

எனக்கு உறுத்துவது வேறு. கல்வெட்டுகளில் நெல் இருக்கிறது, வரி இருக்கிறது, கோயில் நந்தவனத்துக்கு விட்ட நிலம் இருக்கிறது. பூத்தொடுத்தவர்களுக்கு எவ்வளவு நெல் கொடுத்தார்கள் என்பது கூட இருக்கிறது. கடலைத் தாண்டி வந்த ஒரு விதையை முதலில் தன் கொல்லையில் குழி தோண்டிப் போட்டுப் பார்த்து, பிழைத்ததும் சாணியில் பதித்து அடுத்த மாசிக்கு வைத்தவள் யார் என்பது எங்குமே இல்லை. அரசன் சொல்லி இது நடந்திருக்காது. எங்கள் ஆயா மாதிரி யாரோ ஒருத்தி, பக்கத்து வீட்டில் இரண்டு விதை கேட்டு வாங்கியிருப்பாள். நாம் சாப்பிடும் சாம்பாரையே மாற்றிய வேலை அது.

இப்போது கடையில் விதைப் பாக்கெட் கிடைக்கிறது. வீரிய ஒட்டு ரகமாக இருந்தால் அதன் காயில் விதை எடுத்து அடுத்த வருடம் போட்டால் அதே காய் வராது. வறட்டிக்கும் வேலை இல்லை. எங்கள் கொல்லையிலும் பாதியில் சித்தப்பா வீடு கட்டப் போகிறார், கடைக்கால் தோண்டச் சுண்ணாம்புக் கோடு போட்டாயிற்று. குறை சொல்லவும் முடியாது, அவர்களுக்கும் வீடு வேண்டுமே.

பறங்கி அமெரிக்காவிலிருந்து வந்தது என்று ஆயாவிடம் சொன்னேன். நம்பவில்லை. "ஏண்டா, எங்க அம்மா எனக்குக் கொடுத்த விதைடா அது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அங்க இதை என்ன பண்ணித் தின்னுவாங்களாம்?" என்று கேட்டார்.

முட்டி வலியால் ஆயாவால் இந்த மாசியில் குனிய முடியவில்லை. முக்காலி போட்டு உட்கார்ந்து சொல்லச் சொல்ல, சுண்ணாம்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நான் நாலு குழி வெட்டி வறட்டியை உடைத்துப் போட்டேன். அடிபம்பில் தண்ணீர் அடித்துக் குடத்தில் தூக்கி ஊற்றினேன். ஆறாம் நாள் மூன்று குழியில் முளைத்திருந்தது. நாலாவதைக் கோழி கிளறிவிட்டது.