லயமும் பெரட்டும் துண்டும்

நுவரெலியா, ஹட்டன் மலைத்தோட்டங்களிற் குடியேறிய தமிழருட் பெரும்பாலார் ஆங்கிலத்தை ஏட்டிற் பயின்றவரல்லர். வேலைத்தலத்திலே காதாற் கேட்டவர். வரிசை எனப் பொருள்படும் 'லைன்' என்னும் சொல், வரிசைக் குடியிருப்பைக் குறித்து, அவர்கள் நாவில் 'லயன்', 'லயம்' என்றாயிற்று. இசைவாணர் போற்றும் லயத்துக்கும் இதற்கும் உறவில்லை. நீண்ட ஒரே கூரை. அதன்கீழ் ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி அறையொன்றில் ஒரு குடும்பம்.

'பரேட்' என்பது படைவீரர் அணிவகுப்பு. அது 'பெரட்டு' என மருவி, காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பகிரும் இடம் 'பெரட்டுக்களம்' ஆயிற்று. பட்டாளத்துச் சொல் கொழுந்து கொய்யும் பெண்ணுக்கு எவ்வாறு பொருந்திற்று என்பதை அங்கே நின்றவரே அறிவர். ஒருநாள் வேலைக்கு ஒரு 'பேர்', குறைந்தால் 'அரைப்பேர்'.

துரைமாரும் தமிழ் கற்றனர். புதிய சின்னத்துரைக்கெனக் கொழும்பில் பெர்குசன் பதிப்பகத்தார் வெளியிட்ட கையேட்டின் பெயரே 'இங்கே வா' என்பது! நம் 'துண்டு' என்னும் சொல்லும் ஆங்கில ஆவணங்களில் ஏறியது. கடனைத் தீர்த்தால் ஆளை விடுவிப்பதாக எழுதிய சீட்டு அது. அச்சீட்டோடு கடனும் தோட்டத்துக்குத் தோட்டம் தொழிலாளியைத் தொடர்ந்தது. துண்டுமுறையை 1921ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. லயம் என்ற சொல்லோ இன்னும் வழங்குகிறது. அவ்வறைகளிற் குடும்பங்களும் வாழ்கின்றன.